கைகழுவினால் தீட்டு போகுமா?

கியோட்டோ நகரின் பழமையான யாசகா ஷின்டோ கோயிலுக்குப் போவோர் வாசலில் கைகழுவி, வாய் கொப்பளித்து உள்ளே நுழைகிறார்கள். எவ்வளவு தூய்மை என்று வியக்கிறார்கள்.

அந்தத் தூய்மை யாருடைய உழைப்பு? இடைக்காலத்தில் அக்கோயில் பகுதியில் பிணம் அகற்றியவர்களுக்கு இட்ட பெயர் 'இனுஜினின்'. இனு என்றால் நாய். தோல் பதனிட்டவர்களுக்கு 'எத்தா'. பொருள், 'மிகுந்த அழுக்கு'. அவர்கள் செய்த முரசு கோயில்களில் முழங்கியது. அவர்களையோ பல ஊர்க் கோயில்கள் திருவிழாவில் சேர்க்கவில்லை.

1871 அரசாணை பெயரை ஒழித்தது, இழிவை ஒழிக்கவில்லை. 1922 மார்ச் 3 அன்று அதே கியோட்டோவில் கூடி, 'சுயிஹெய்ஷா' என்னும் சமத்துவச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் இரக்கம் கேட்கவில்லை, உரிமை கேட்டார்கள்.

பறையை ஏற்று, பறையடிப்பவரைத் தள்ளிவைக்கும் ஊரிலிருந்து போகிற நமக்கு இது புரியாதா? கும்பிடும் முன் கேளுங்கள்: இங்கே யாரை அழுக்கு என்றார்கள்?