"ஓடுறதெண்டா ஓடு" என்று சொல்லலாமா?

2025 பெப்ரவரியில் இந்தோனேசிய இளைஞர்கள் மத்தியில் ஒரு வாசகம் வேகமாகப் பரவியது. 'கபூர் அஜா டுலு'. "முதலில் ஓடித் தப்புவோம்" என்பது அதன் கருத்து. எந்த நாட்டில் என்ன வேலை, எப்படிப் படிக்கப் போவது என்று ஒருவருக்கொருவர் வழி சொல்லிக் கொடுத்தார்கள்.

ஏன் இந்த அவசரம்? அவர்கள் சொன்னதெல்லாம் அன்றாடக் கதைதான். பட்டம் இருக்கிறது, வேலை இல்லை. வேலை விளம்பரத்திலும் வயதெல்லை. கிடைக்கும் சம்பளத்தில் பெற்றோரையும் பார்க்க வேண்டும், தம்பி தங்கையையும் படிப்பிக்க வேண்டும்.

அப்போதைய பிரதித் தொழில் அமைச்சர் என்ன சொன்னார் தெரியுமா? ஓடுவதென்றால் ஓடட்டும், தேவையென்றால் திரும்பி வரவும் வேண்டாம் என்றார்.

இதை நம்மால் ஏற்க முடியவில்லை. மேற்குச் சுமாத்ராவின் மினாங்கபாவ் மக்களிடம் 'மெரந்தாவ்' என்றொரு பழைய வழக்கம் உண்டு. இளைஞர்கள் ஊரை விட்டுப் போய் உழைப்பார்கள், உலகம் படிப்பார்கள். போகிறவனை ஊர் துரோகி என்று சொல்வதில்லை. அவன் திரும்பி வரும் வாசலும் மூடப்படுவதில்லை.

2022இல் கடவுச்சீட்டு வரிசையில் விடிய விடிய நின்றவர்களும் நாம் படிப்பித்த பிள்ளைகள்தானே? "நாட்டுப்பற்று இல்லாததுகள்" என்று நம்மில் சிலரும் ஏசினோம்.

ஏசியது போதும். அவர்கள் திரும்பி வந்தால் இங்கே என்ன வைத்திருக்கிறோம்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது பிள்ளைகள் அல்ல, நாம்தான்.