இல்லமும் இயந்திரமும்: தண்ணீர் சுமக்கும், காற்றே தணிக்கும்

நாகபுரியில் வசிக்கும் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றிலிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அக்குடும்பத்துத் தாயார். அவருடைய மூத்த குமாரர் கல்யாண வீடுகளில் எடுக்கும் வீடியோப் படங்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழிலை வீட்டிலிருந்தே நடத்தி வருகிறார். ஏப்ரல், மே மாதங்களில்தான் அவருக்கு வேலை மிகுதி. அந்த மாதங்களில்தான் அவருடைய கணினியும் மக்கர் செய்கிறது. நண்பகலுக்கு மேல் வேலை மந்தமாகி, சில நாள் கணினி தானாகவே அணைந்துவிடுகிறதாம். ரூ. 12,000 கொடுத்து 360 அளவு ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலர் ஒன்றைப் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறாராம். "வாங்கலாமா? எங்கள் கேபினெட்டுக்குள் அது அடங்குமா? தண்ணீர் ஒழுகி உள்ளதும் கெட்டுவிடுமா?" என்று அந்த அம்மையார் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கோடைக்கு முன் இதே யோசனையில் இருக்கும் வீடுகள் பல இருக்கும் என்பதால் இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். லிக்விட் கூலர் என்ற பெயரைக் கேட்டவுடன், பானைத் தண்ணீர்போல் ஏதோ குளிர்ச்சி உள்ளே ஓடுகிறது என்று எண்ணிவிடுகிறோம். அதிலுள்ள தண்ணீர் எதையும் குளிரச் செய்வதில்லை. அது ரயில் நிலையத்துப் போர்ட்டரைப் போன்றது. பிராசசர் என்னும் வண்டியிலிருந்து வெப்பம் என்னும் மூட்டையை இறக்கி, குழாய் வழியே சுமந்து சென்று, ரேடியேட்டர் என்னும் வாயிலில் வைக்கிறது. அங்கிருந்து மூட்டையை வெளியே எடுத்துச் செல்வது விசிறி தள்ளும் காற்று. வாயிலில் நெரிசல் என்றால் எத்தனை போர்ட்டர்கள் இருந்தும் பயனில்லை. டீசல் எஞ்சின்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. 1960களில் நம் நாட்டுக்கு வந்த டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினிலும் நீண்ட மூக்கின் கோடியில் பக்கவாட்டில் ரேடியேட்டர்களும் கூரையில் பெரிய விசிறியும் உண்டு. சிலிண்டர்களைச் சுற்றி வந்த தண்ணீர் அங்கேதான் தன் சுமையை இறக்குகிறது.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படும். ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று எத்தனை டிகிரியோ, அதற்குக் கீழே தண்ணீர் ஒருநாளும் இறங்காது. பிராசசர் முழுமூச்சாக உழைக்கும்போது தண்ணீர் அந்தக் காற்றைவிட ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி வரை கூடுதலாகவே நிற்கும். பிராசசரோ அதற்கும் மேல் முப்பது நாற்பது டிகிரியில் நிற்கும். அறை 25 டிகிரியாக இருக்கும் ஊரில் இக்கணக்கைப் போட்டால் அச்சமில்லை. மே மாதத்து நாகபுரியில், மாடி அறையில், 42 டிகிரியில் போட்டுப் பாருங்கள்! ரைசன் 7000 வரிசைப் பிராசசர்களுக்கு 95 டிகிரியும், இன்டெல் 14-ஆம் தலைமுறைக்கு 100 டிகிரியும் எல்லை. எல்லையைத் தொட்டவுடன் அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக் கொள்கின்றன. அதையும் மீறினால் அணைந்துவிடுகின்றன. ஆகவே நம் ஊர்களில் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்றில் ஐந்து டிகிரி வித்தியாசம்கூடப் பெரிய விஷயம். ரேடியேட்டரை எங்கே வைப்பது என்ற கேள்வியின் முழுப் பொருளும் இதுவே.

வைக்கத்தக்க இடங்கள் இரண்டு: கேபினெட்டின் முன்பக்கம், மேற்பக்கம். முன்பக்கம் வைத்தால் வெளிக்காற்று நேரே ரேடியேட்டருக்குள் நுழையும், பிராசசருக்கு நல்லது. ஆனால் அந்தக் காற்று சூடேறி உள்ளே வருவதால் கிராபிக்ஸ் கார்டுக்கு வெந்நீர்க் குளியல் வாய்க்கிறது. மேற்பக்கம் வைத்து, விசிறிகள் காற்றை வெளியே தள்ளுமாறு அமைத்தால், கார்டுக்குப் புதுக்காற்று கிடைக்கும். ரேடியேட்டருக்கோ கார்டு வெளிவிட்ட சூட்டுக் காற்றே கிடைக்கும். விளையாட்டுகளுக்காகக் கணினி வைத்திருப்பவர்கள் மேற்பக்கத்தைத் தேர்வதே நலம். அவர்களுக்குக் கார்டுதான் அதிகம் உழைக்கிறது. பிராசசரை மணிக்கணக்கில் பிழிந்து வேலை வாங்குபவர்களுக்கு, அதுவும் வெயில் ஊரில், முன்பக்கமே சிறந்தது என்பது நம் அபிப்பிராயம். சூடான காற்று இயல்பாகவே மேலே செல்லுமே என்று சிலர் வாதிப்பர். மெய்தான்; ஆனால் விசிறி சுழலும் பெட்டிக்குள் அந்த இயல்பான எழுச்சிக்கு அதிக மதிப்பில்லை. விசிறி தள்ளும் திசையில்தான் காற்று செல்லும்.

விசிறியின் திசையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. இதழ்கள் திறந்து தெரியும் முகத்தில் காற்று நுழைகிறது. மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள முகத்தில் வெளியேறுகிறது. பூட்டிய பின் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். மூன்று விசிறிகளில் ஒன்று திரும்பியிருந்தாலும் மற்ற இரண்டும் தள்ளியதை அது திருப்பி இழுத்துக் கொண்டிருக்கும்.

அடுத்து, எல்லாவற்றினும் முக்கியமான செய்தி. இந்தக் கூலர்களில் பெரும்பாலானவற்றில் பம்ப், பிராசசரின் மேல் உட்காரும் வட்டமான பாகத்துக்குள்ளேயே இருக்கிறது. குழாய்களின் சுவர் வழியே ஆண்டுக்கணக்கில் தண்ணீர் நுண்ணியதாக ஆவியாகி வெளியேறும். அந்த அளவுக்கு உள்ளே காற்று சேரும். காற்று எப்போதும் உயரமான இடத்தையே நாடும். பம்பே எல்லாவற்றிலும் உயரமான இடத்தில் இருந்தால் காற்று அதற்குள் வந்து தங்கும். களகளவென்று சத்தம் கேட்கும். பம்ப் வறண்டு சுழன்று ஆயுள் குறையும். ஆகவே ரேடியேட்டரின் மேல்முனையாவது பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கேபினெட்டின் அடிப்பகுதியில் ரேடியேட்டரைப் படுக்க வைப்பது கூடவே கூடாது. முன்பக்கம் நிறுத்தி வைக்கும்போது குழாய்கள் ரேடியேட்டரின் கீழ்முனையிலிருந்து புறப்பட்டால் மிக நன்று; சேர்ந்த காற்று மேலே ஒதுங்கிக் கிடக்கும். குழாயின் நீளம் அதற்கு எட்டாவிட்டால் குழாய்முனையை மேலே வைக்கலாம். ரேடியேட்டரின் மேல்முனை பம்புக்கு மேல் இருந்தால் போதும். குழாயை மடக்கி நெரிப்பதைவிட அது மேல்.

இனி, அம்மையாரின் இரண்டாம் கேள்வி. 360 என்பது மூன்று 120 மி.மீ. விசிறிகளின் கணக்கு, ரேடியேட்டரின் மெய்யான நீளம் அன்று. இருமுனைகளிலும் உள்ள தொட்டிப் பாகங்களைச் சேர்த்தால் அது 395 மி.மீ. அளவுக்கு வரும். 240 என்பது 275 மி.மீ. அளவுக்கு வரும். தடிமனில், வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., விசிறி 25 மி.மீ.; இரண்டும் சேர்ந்து 52. சில ரேடியேட்டர்கள் 38 மி.மீ. தடிமன் உள்ளவை; அவற்றுக்கு 63 வேண்டும். கடைக்குப் போகுமுன் ஓர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு, மின் இணைப்பைக் கழற்றி, பக்கப் பலகையைத் திறந்து அளந்துவிடுங்கள். முன்தகட்டின் உட்புறத்திலிருந்து கிராபிக்ஸ் கார்டின் முனை வரை எவ்வளவு? மேல்தகட்டுக்கும் மதர்போர்டின் மேல்விளிம்புக்கும் நடுவே எவ்வளவு? ரேம் எத்தனை உயரம்? சாதாரண ரேம் 31, 32 மி.மீ. உயரந்தான், வண்ணவிளக்குத் தலைப்பாகை கட்டியவை 40-ஐத் தாண்டும். மேற்பக்கத்தில் இடிப்பது பெரும்பாலும் இந்தத் தலைப்பாகையே. 280 அளவு ரேடியேட்டர் 140 மி.மீ. விசிறிக்கு உரியதாகையால் அகலமும் மிகுதி; மேற்பக்கத்தில் ரேமோடு மோதுவதில் அதற்கே முதலிடம். டில்லி நேரு பிளேஸானாலும் பம்பாய் லாமிங்டன் ரோடானாலும், பெட்டியைப் பிரித்த பொருளைத் திருப்பித் தருவது எளிதன்று என்பதை நினைவில் வையுங்கள்.

அவர் அனுப்பிய புகைப்படத்தையும் அளவுகளையும் பார்த்தால், முன்பக்கத்தில் உள்ளுயரம் 380 மி.மீ.தான். 360 அதில் நுழையாது. மேற்பக்கத்தில் 45 மி.மீ. இடைவெளிதான் உண்டு, அங்கே எதுவும் நுழையாது. முன்பக்கத்தில் 240 அளவு தாராளமாக அடங்கும். கார்டின் முனைக்கு முன் 70 மி.மீ. இடம் இருக்கிறது. ஆகவே கடைக்காரர் சொன்னதை வாங்கியிருந்தால் கேபினெட்டையும் சேர்த்து மாற்ற நேர்ந்திருக்கும்.

ஆனால் 240 போதுமா? குமாரரின் கணினியில் இருப்பது கோர் ஐ7-14700கே. தயாரிப்பாளர் வெளியிட்ட விவரப்படி அது உச்சத்தில் 253 வாட் வரை உறிஞ்சக் கூடியது. 42 டிகிரி அறையில் அவ்வளவையும் 240 ரேடியேட்டர் தாங்காது. 360-ம் திணறத்தான் செய்யும். இதற்குக் காசில்லாத மருந்து ஒன்று உண்டு. மதர்போர்டின் பயாஸ் அமைப்பில் அந்த மின்வரம்பைக் குறைத்து, கோடை மாதங்களில் 160, 180 வாட் அளவில் நிறுத்தி வைக்கலாம். கடைசி வாட்டுகள் வெப்பத்தைத் தரும் அளவுக்கு வேகத்தைத் தருவதில்லை. ஒரு மணி நேர வேலை சில நிமிஷங்கள் நீளும். ஆனால் பாதியில் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும் கொடுமை இராது. கூலர் வாங்குமுன் இதைச் செய்து, பழைய கூலரின் தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைப் புதுப்பித்து ஒரு வாரம் பார்க்கும்படி அவருக்குத் தனியே எழுதியிருக்கிறோம்.

ரைசன் 5 7600 போன்ற 65 வாட் வகைப் பிராசசர் வைத்திருக்கும் வீடுகளுக்கு லிக்விட் கூலர் தேவையே இல்லை. நல்ல டவர் ஏர் கூலர் ஒன்று போதும். அதில் கெடக்கூடியது விசிறி ஒன்றுதான். அதைத் தனியே மாற்றிவிடலாம். லிக்விட் கூலரில் பம்ப் போனால் முழுவதுமே போயிற்று. ஒரே ஒரு கணினியை நம்பி ஜீவனம் நடக்கும் வீட்டில் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொருத்தும் வேலையில் கவனிக்க வேண்டியவை சில. திருகுகள் இருவகை வரும். விசிறியைத் துளைத்து ரேடியேட்டரைப் பற்றும் நீளத் திருகு 30 மி.மீ. அளவு, தகட்டோடு நேரே பிணைக்கும் திருகு குட்டையானது. நீளத் திருகை விசிறி இல்லாத பக்கத்தில் முடுக்கினால் அது உள்ளே உள்ள தண்ணீர்க் கால்வாயைக் குத்திவிடும். ஒழுகுமா என்ற மூன்றாம் கேள்விக்கு விடையின் பாதி இதுவே. ஆலையிலேயே மூடி முத்திரையிட்டு வரும் கூலர்கள் தாமாக ஒழுகுவது அபூர்வம். பிராசசரின் மேல் வைக்கும் செப்புத் தகட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தை உரிக்கத் தவறாதீர்கள். நான்கு மூலைத் திருகுகளையும் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். இன்டெல் 2021-இல் கொணர்ந்த எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் துளைகளின் இடைவெளி 75-லிருந்து 78 மி.மீ. ஆயிற்று, பழைய கூலரை மாற்றிப் போடுபவர்கள் அதற்குரிய பிடி இருக்கிறதா என்று பாருங்கள். பம்பின் ஒயரைப் பம்புக்கென உள்ள முனையில் செருகி, எப்போதும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். விசிறிகளைப் பிராசசர் விசிறி முனையில் செருகுங்கள். அது வெறுமையாக இருந்தால் பல மதர்போர்டுகள் தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும்.

பூட்டி முடித்ததும் பக்கப் பலகையை மூடுமுன் சோதித்துப் பாருங்கள். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. கனமான வேலை ஒன்றைக் கொடுத்து அரைமணி நேரம் கவனியுங்கள். சில விநாடிகளிலேயே எல்லையைத் தொட்டால் பம்ப் ஓடவில்லை, அல்லது செப்புத் தகடு சரியாகப் பதியவில்லை. முதலில் நன்றாக இருந்து இருபது நிமிஷத்தில் மெல்ல மெல்ல ஏறினால் போர்ட்டர் வேலை செய்கிறான், வாயிலில்தான் நெரிசல். விசிறியின் திசையையும் காற்று நுழையும் வழியையும் பாருங்கள்.

வடக்கே கோடையில் பலர் வீட்டில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் ஓடுகிறது. வறண்ட லூக் காற்று வீசும் நாட்களில் அது அறைச் சூட்டைக் கணிசமாகக் குறைப்பதால் கணினிக்கும் நன்மையே. ஆனால் அதன் வாய்க்கு நேரே கேபினெட்டை வைக்காதீர்கள், நீர்த்திவலை தெறிக்கும். கேபினெட்டின் முன்முகம் சுவரையோ மேஜைப் பலகையையோ ஒட்டி நிற்கவும் கூடாது. ஒரு சாண் இடமாவது விடுங்கள். முன்பக்கத்துத் தூசி வலையை மாதம் ஒருமுறை கழற்றி அலசி, உலர்த்தி மாட்டுங்கள். ரேடியேட்டரின் இதழ்களை மார்ச் முடிவதற்குள் ஊதித் துப்புரவாக்கி விடவேண்டும். ஊதும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்து நிறுத்திக் கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுழன்றால் தாங்கி தேய்ந்துவிடும். களகள ஓசை ஓரிரு நாளில் அடங்காமல் தொடர்ந்து கேட்டால், ரசீதை எடுத்துக்கொண்டு உத்தரவாதக் காலம் முடிவதற்குள் கடைக்குச் செல்லுங்கள்.