எட்டு போட்டுக் காட்டு!

"சர்டிஃபிகேட் எல்லாம் வெறும் காகிதம், திறமை இருந்தா போதும்" என்று ஐடி நண்பர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சொல்றவர் எந்தக் காலேஜ்னு கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்க மக்களே. பேரைச் சொன்னாலே கதவு திறக்கிற காலேஜா இருக்கும்!

எங்க வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பசங்களுக்கு அந்த வசதி கிடையாது. பன்னிரண்டாவது முடிச்சதும் நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல சேர்ந்தேன் (பேர் வேணாம், விடுங்க). ஆறு மாசம் எம்.எஸ். ஆபீஸ், டேலி, கொஞ்சம் 'சி'. கடைசியில் தங்கக் கலர் முத்திரையோட சர்டிஃபிகேட். தேர்வா? அதெல்லாம் கிடையாது. பணம் கட்டின எல்லாருக்கும் 'ஏ' கிரேடு, ஹி ஹி. அதை எடுத்துக்கிட்டு பாண்டியில் இன்டர்வியூவுக்குப் போனேன். புரட்டிக்கூடப் பார்க்கலை. இங்கிலீஷ்ல உன்னைப் பத்திச் சொல்லுன்னாங்க, முழிச்சேன், முடிஞ்சுது. ஒரு வரி புரோகிராம் எழுதச் சொல்லலை.

பைக் லைசென்ஸ் வேணும்னா எட்டு போடணும். கால் ஊனினா ஃபெயில். காலேஜ் பேரும் கேட்க மாட்டாங்க, இங்கிலீஷும் கேட்க மாட்டாங்க. என்ன செய்யணும்னு முன்னாடியே தெரியும், ஏரிக்கரையில பழகிட்டுப் போகலாம். திறன் தரநிலைன்னா அதுதாங்க. ஐடிக்கும் ஒரு எட்டு.

இது புதுசும் இல்லை. 'டோயக்' 1990-லேயே 'ஓ' லெவலில் தொடங்கி 'சி' லெவல் வரை கொண்டு வந்தது (2011-ல் பேர் 'நைலிட்' ஆச்சு). பாடம் எடுக்கிறது ஏதோ ஒரு சென்டர், தேர்வு வைக்கிறது வேற ஆள். அதுலதான் விஷயமே இருக்கு. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. டேட்டா என்ட்ரியில் இருந்து சாஃப்ட்வேர் டெவலப்பர் வரை, எந்த வேலைக்கு என்ன தெரியணும், என்ன செஞ்சு காட்டணும்னு நாஸ்காமின் திறன் கவுன்சில் வரிவரியா எழுதி வச்சிருக்கு. ஆனா அது தமிழில் ஒரு சென்டர் சுவத்துல தொங்கி நான் பார்த்ததே இல்லை.

ஐடி தினம் மாறுது, தரநிலை பழசாயிடும்கறீங்களா? திருத்தட்டும். அந்தக் கட்டமைப்பையே 2023-ல் பத்து நிலையில் இருந்து எட்டாக மாத்தினாங்களே. எண்ணிக்கைக்காகச் சர்டிஃபிகேட் அடிப்பாங்கறீங்களா? அடிப்பாங்க. எட்டே போடாம லைசென்ஸ் வாங்கினவங்க இல்லையா? அதுக்காக எட்டே வேணாம்னு யாரும் சொல்றதில்லையே!

போன வாரம் எங்க தெருப் பையன் ஒருத்தன் ஃபீஸ் கட்டக் கிளம்பினான். "தேர்வு யார் வைக்கிறாங்க, முடிச்சா நான் என்ன செஞ்சு காட்ட முடியும், இந்த ரெண்டையும் கேட்டுட்டுக் கட்டுடா" என்று அனுப்பினேன். சாயந்திரம் வந்து சொல்றான்: "அண்ணே, சாரு நாளைக்கு வரச் சொல்லிட்டாரு."