அம்மாவின் இந்தியில் நாற்பது நொடி

"ஃபாலோயர் எத்தனை?"

போன மாதம் ஒரு நிகழ்ச்சி அமைப்பாளருக்குப் போன் செய்தேன். பெயரைச் சொன்னேன். நான்கு வருடமாக ஸ்டாண்ட்-அப் மேடை ஏறுகிறேன் என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். எந்த மொழியில் பேசுவேன், எத்தனை நிமிடத்துக்குச் சரக்கு வைத்திருக்கிறேன், எங்கெல்லாம் பேசியிருக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே என்று சொன்னதும் குரல் மாறியது. "அட, அந்த மதராஸி அம்மா வீடியோ நீங்களா? அதையே பண்ணுங்க, போதும்" என்றார்.

போதுமாம். நான்கு வருட உழைப்பில் அவருக்குப் போதுமானது நாற்பது நொடி.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அம்மா இட்லி அவிப்பாள், அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு தாதர், பரேல் பக்கம் போய் விற்பார். மும்பையில் காலையில் ஹார்னை அமுக்கிக்கொண்டு வரும் இட்லிக்காரரைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த இட்லிக்காக எங்கள் சந்தில் விடியுமுன்னே அடுப்பு எரிவது அவர்களில் பலருக்குத் தெரியாது. பகலில் எனக்கு அந்தேரியில் கணக்கு எழுதும் வேலை. சாயங்காலம் கார் ரோடு, பாந்த்ரா, அந்தேரி என்று ஓப்பன் மைக். கார் ரோட்டில் ஏறினால் பாந்த்ரா, அடுத்தது மாஹிம், இறங்கிக் கிழக்கே நடந்தால் வீடு. இரண்டே ஸ்டேஷன். ஆனால் அந்த அறைகளில் "தாராவியா?" என்று கேட்கும் தொனியைக் கேட்டால் நடுவில் ஒரு கடல் இருப்பது போலத் தோன்றும்.

ஓப்பன் மைக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவருக்கு நான்கு, ஐந்து நிமிடம். சில இடங்களில் ஏறுவதற்கே பணம் கட்ட வேண்டும். சில இடங்களில் கூடவே இரண்டு பேரைக் கூட்டி வந்தால்தான் ஸ்பாட். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் மற்றக் காமெடியன்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், தங்கள் வரியை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு வரியைச் சொல்லி, விழவில்லை என்றால் ஒரு சொல்லை மாற்றி, மறுநாள் இன்னொரு அறையில் சொல்லி, போனில் பதிவு செய்ததை ரயிலில் காதில் மாட்டிக் கேட்டு, எந்த இடத்தில் மூச்சு விட்டேன், எந்த இடத்தில் அவசரப்பட்டேன் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒரு பிட் தேறும். என் அம்மா மாவு பதம் பார்ப்பது போலத்தான். விரலை விட்டுப் பார்க்காமல் ஒருநாளும் தட்டில் ஊற்ற மாட்டாள்.

அப்படி எட்டு மாதம் உழைத்துத் தேற்றியது ஏழு நிமிடப் பிட். என் பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்து தவறாக விழுந்திருந்தது. அதைத் திருத்த அம்மா ஓர் அரசு அலுவலகத்துக்குப் போகிறாள். "மேரா பேட்டி ஆயா" என்கிறாள். இந்தியில் ஆண்பால் பெண்பால் அவளுக்கு என்றுமே பிடிபட்டதில்லை. நான் மகளா மகனா என்று குமாஸ்தா அவளை மூன்று முறை சொல்லவைக்கிறார். வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். இது முதல் பாதி. அடுத்த பாதியில், அதே குமாஸ்தா தினமும் காலையில் அலுவலக வாசலில் அப்பாவின் சைக்கிளருகே நின்று இட்லி தின்கிறவர் என்று தெரிகிறது. "இன்னுங் கொஞ்சம் சட்னி" என்று கேட்கத் தமிழ் கற்றுக்கொண்டவர். அவர் வாயில் அந்தத் தமிழ் படும் பாட்டைச் செய்துகாட்டுவேன். அறை அதிரும். பிறகு ஒரு வரி சொல்வேன்: பதினோரு வருடம் அந்தத் தமிழைக் கேட்ட அப்பா ஒருநாளும் சிரித்ததில்லை, சட்னிதான் ஊற்றினார். அந்த இடத்தில் அறை ஒரு நொடி அடங்கும், அப்புறம் கைதட்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் எட்டு மாதம்.

ஒரு நிகழ்ச்சியில் அதைப் படம் பிடித்தார்கள். முதல் பாதியிலிருந்து நாற்பது நொடியை வெட்டி, கீழே எழுத்து ஓடவிட்டு, அவர்கள் பக்கத்தில் ரீல்ஸாகப் போட்டார்கள். முழுதையும் போட முடியாதா என்று கேட்டேன். முதல் மூன்று நொடியில் சிரிப்பு வராவிட்டால் ஜனங்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்றார்கள். நானும் என் பக்கத்தில் பகிர்ந்தேன். ஆயிரத்துச் சொச்சமாக இருந்த எண்ணிக்கை இரண்டே வாரத்தில் நாற்பதாயிரம் ஆனது. வரிசையில் நின்று சிரித்தவர்கள் பத்துப் பேர்; இப்போது போனில் நின்று சிரிக்கிறவர்கள் லட்சக்கணக்கில். சட்னி கதையை ஒருவரும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் அதை அம்மாவிடம் காட்டிவிட்டான். அன்று ராத்திரி நான் வந்ததும் கேட்டாள், "ஏட்டி, நான் இப்பிடியாட்டி பேசுதேன்? ஊரே சிரிக்காவளே!" நான் பதில் தேடுவதற்குள் அடுத்ததும் கேட்டாள்: "அந்தச் சட்னி கத எங்க? அத ஏன் போடல?" வீட்டில் நூறு முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், பிட் முழுதும் அவளுக்கு மனப்பாடம். படம் வெட்டியவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது.

இந்தச் சிரிப்பு எங்களுக்குப் புதிதல்ல. 1968-இல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் போட்ட மதராஸிப் பாட்டு வாத்தியார் வேடத்திலிருந்து இந்திக்காரர்களுக்கு எங்கள் வாய் என்றாலே வேடிக்கை. அது வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1966-இல், இதே ஊரில் சிவசேனை தொடங்கி, தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று எங்கள் வேட்டியையும் லுங்கியையும் கேலி செய்து கோஷம் போட்டது. அந்த நாட்களில் கடைப் பலகையில் தமிழ் எழுத்தை வைக்கப் பயந்ததாக என் தாத்தா சொல்வார். அப்படிப்பட்ட ஊரில், சந்தைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அம்மா கூட்டிச் சேர்த்த இந்தி அது. அந்த இந்தியில்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். அதை நான் மேடையில் சொல்வது அவள் பக்கம் நின்று. அந்த நாற்பது நொடியில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று யாருக்குத் தெரியும்?

இதே தாராவி, கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் வளர்ந்தவர்தான் இந்திப்பட காமெடியன் ஜானி லீவர். 1957-இல் ஆந்திராவில் பிறந்தவர். வறுமையால் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இந்தி நடிகர்களைப் போல ஆடிப்பாடி மும்பைத் தெருவில் பேனா விற்றார். அப்பா வேலை பார்த்த ஹிந்துஸ்தான் லீவர் தொழிற்சாலையிலேயே தானும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு விழாவில் மேலதிகாரிகளை அவர் நடித்துக் காட்ட, தொழிலாளிகள் வைத்த பெயர்தான் ஜானி லீவர். கம்பெனி தந்த பெயரில்லை, எதிரே உட்கார்ந்து சிரித்தவர்கள் தந்த பெயர். அவரிடம் எண்ணிக்கை கேட்டவர் யார்? நடைபாதையில் போகிற ஆளை நிறுத்தி, சிரிக்கவைத்து, பேனாவையும் வாங்கவைக்கத் தெரியுமா என்பதுதான் அவருக்கு வைத்த பரீட்சை. இன்று அதே சந்திலிருந்து அப்படி ஒரு பிள்ளை கிளம்பினால், முதலில் ஒரு போனும் விளக்கும் வாங்கிக்கொண்டு ஒரு வருடம் ரீல்ஸ் போட்டுவிட்டு வா என்றுதான் சொல்வார்கள்.

ரீல்ஸில் பேர் வாங்கி மேடைக்கு வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'ஐயோ ஷ்ரத்தா' என்று எல்லோருக்கும் தெரிந்த ஷ்ரத்தா ஜெயின் போனில் பேசிப் பேர் வாங்கித்தான் ஊர் ஊராக அரங்கை நிரப்புகிறார். ஆனால் அவர் வானொலியில் பேசிப் பழகியவர். எதிரே முகம் தெரியாத ஆளைப் பேச்சால் பிடித்துவைக்கும் வித்தை வீடியோவுக்கு முன்பே கையில் இருந்தது. தமிழில் அலெக்ஸாண்டர் பாபுவைப் பாருங்கள். 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019-இல் அமேசான் பிரைமில் வந்து வீடு வீடாகப் போகுமுன்பே, பாட்டும் பேச்சுமாக மேடையில் பக்குவப்பட்ட நிகழ்ச்சி அது. அவர்களுக்கு எண்ணிக்கை பின்னால் வந்தது அல்லது கூடவே வந்தது. எங்களிடம் அதை வாசலிலேயே கேட்கிறார்கள்.

சரி, அந்த எண்ணிக்கை டிக்கெட்டாவது விற்குமா? சின்ன அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, 299 ரூபாய் டிக்கெட் வைத்து, ஒரு மணி நேரம் தனியாகப் பேசுகிறேன் என்று அறிவித்தேன். வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் ஒன்பது பேர் எங்கள் சந்து. பிறகுதான் இன்ஸ்டாகிராமில் ஊர்வாரியாகக் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். லக்னோ, இந்தூர், பாட்னா, ஜெய்ப்பூர். மும்பை கீழே எங்கேயோ இருந்தது. ஒரு விரல் தட்டிப் பின்தொடர்வதற்கும், வேலை முடிந்த களைப்போடு ரயிலேறி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காருவதற்கும் எவ்வளவு தூரம்! வந்த மற்றவர்கள் அம்மா குரலுக்காக வந்தவர்கள். அது முடிந்து சட்னி கதை தொடங்கியதும் முன்வரிசையில் இரண்டு போன்கள் ஒளிர்ந்தன. இந்த ஆதங்கத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு பிட்டை முழுதாக நெட்டில் போட்டுவிட்டால் அது செத்தது. காசு கொடுத்து வருகிறவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். அதனால் காமெடியன்கள் எழுதிவைத்த சரக்கைப் போடாமல், முன்வரிசையில் இருப்பவரிடம் "எங்க வேலை, கல்யாணம் ஆயிடுச்சா" என்று பேச்சுக் கொடுக்கும் க்ரௌட் வர்க்கை வெட்டிப் போடுகிறார்கள். அதைப் பார்த்துப் பழகிய ஜனம் இப்போது தங்களிடமும் பேசச் சொல்லிச் சத்தம் போடுகிறது. எழுதி, திருத்தி, பதம் பார்த்த வரிக்கு இடமே குறைந்துகொண்டு வருகிறது.

அந்தப் பின்தொடர்பவர்கள் நம் சொத்தும் இல்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். எங்கள் பக்கத்துச் சந்தில் ஒரு தம்பி அதில் வடிவேலுவுக்கு வாயசைத்து ஊரெல்லாம் தெரிந்த முகமாயிருந்தான். ஒரே ராத்திரியில் எல்லாம் போயிற்று. இன்று அவன் சாப்பாடு டெலிவரி செய்கிறான். அவனுக்கு முக பாவம் அப்படி வரும். ஒரு மேடை, ஒரு குரு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று அவனைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கிளிப்புக்கு அறை தெரியாது. 2025 மார்ச்சில் காமெடியன் குணால் கம்ரா தன் நிகழ்ச்சியில் ஏக்நாத் ஷிண்டேயைக் கேலி செய்து பாடிய பாட்டு வீடியோவாக வெளியே வந்ததும், ஷிண்டே அணி சிவசேனைக்காரர்கள் கார் பகுதியில் உள்ள ஹேபிடாட் அரங்கில் புகுந்து நாற்காலிகளை உடைத்தார்கள். அறையில் இருந்தவர்கள் கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். அறைக்கே வராதவர்கள்தான் உடைக்க வந்தார்கள். அரங்கம் சில காலம் மூடிக் கிடந்தது. கம்ராவுக்குப் பேர் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், சென்னை உயர் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கிடைத்தது. ஐந்து நிமிடத்துக்கு ஏறி இறங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரு மேடை போனதைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்?

நம்மவர்களிடமாவது போகலாம் என்று, செம்பூர்ப் பக்கம் ஒரு தமிழ் அமைப்பின் பொங்கல் விழாவுக்குக் கேட்டுப் பார்த்தேன். மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில்! சென்னையிலிருந்து நாடகமும் கச்சேரியும் வந்தால் ஷண்முகானந்தா அரங்குக்குக் குடும்பத்தோடு போகிற ஜனம். அவர்களும் ஃபாலோயர் எத்தனை என்றுதான் கேட்டார்கள். சொன்னேன். "உங்க தமிழ்ல இந்தி நிறையக் கலந்திருக்கே" என்றார்கள். கடைசியில் சென்னையிலிருந்து டிவியில் வந்த ஒருவரை விமான டிக்கெட் போட்டு வரவழைத்தார்கள். இந்திக்காரர்களுக்கு என் இந்தியில் தமிழ் இருக்கிறது, அதனால் சிரிப்பு. தமிழர்களுக்கு என் தமிழில் இந்தி இருக்கிறது, அதனால் வேண்டாம். தாராவித் தமிழ் இப்படித்தான் ஐயா இருக்கும். 'காலா' படத்துக்குத் தாராவிப் பிள்ளைகளைத்தானே ராப் பாடக் கூப்பிட்டார்கள்? அப்போது இந்தத் தமிழ் இனித்ததே!

நான் கேட்பது பெரிய வரமில்லை. எண்ணிக்கையைக் கேட்குமுன் ஐந்து நிமிடம் கேளுங்கள். நல்லா இல்லையென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், இறங்கிப் போகிறேன்.

அந்த அமைப்பாளர் நேற்று மறுபடியும் செய்தி அனுப்பியிருந்தார். இருபது நிமிட ஸ்பாட், பணம் உண்டு; இதுவரை எனக்கு யாரும் தந்ததில்லை. ஆனால் அம்மா குரலில் தொடங்கி அம்மா குரலிலேயே முடிக்க வேண்டும், போஸ்டரிலும் அதுதான் போடுவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி கடைசி ரயிலுக்கு முந்தையதில் வந்து சேர்ந்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மாவை வழித்தபடியே, "இன்னைக்கு எத்தன பேரு வந்தாவ?" என்றாள்.

"பதினாறு பேரும்மா."

"சட்னி கதைய சொன்னியாட்டி?"

சொன்னேன் என்றேன். செய்திக்கு இன்னும் பதில் போடவில்லை.