ஆத்தாளுக்குப் பட்டா எங்கே?



தோட்டம் விலை போகிறது என்ற செய்தி காதில் விழுந்ததும் நம்மவர் வாயில் முதலில் வரும் கேள்வி என்ன? "கோயில் என்ன ஆகும்?" என்பதுதான். வீடு என்ன ஆகும், வேலை என்ன ஆகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அத்தனை பக்தி நமக்கு! நல்லது. ஆனால் அந்தக் கோயில் நிற்கும் மண் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தலைவர் செயலாளரைப் பார்ப்பார். செயலாளர் பூசாரியைப் பார்ப்பார். பூசாரி ஆத்தாளைப் பார்ப்பார். ஆத்தாள் என்ன செய்வாள்? அவளிடமும் பட்டா இல்லை!

கேமரன் மலையிலே, பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கம்போங் ராஜாவுக்குப் போகும் பாதையில் திரிங்காப் இருக்கிறது. காய்கறித் தோட்டமும் பூந்தோட்டமுமாக இருக்கும் அந்த ஊருக்கு அப்பாலும் இப்பாலும் தேயிலை மலைகள். 1929-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த மலையில் தேயிலை பயிரானது. காட்டை வெட்டியவர்களிலும் கொழுந்து கிள்ளியவர்களிலும் பெரும் பகுதியினர் தமிழ் மக்கள். அவர்கள் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு சூலத்தை நட்டார்கள். பிறகு கூரை போட்டார்கள். பிறகு கோபுரம் கட்டினார்கள். கீழே கித்தாக்காட்டில் நடந்ததும் இதுவேதான். ஆகவே, "தேயிலைக்காரன் கதை பால்மரம் வெட்டும் எனக்கு எதற்கு?" என்று எந்தத் தோழரும் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். மலையானாலும் சமவெளியானாலும் ஆத்தாள் ஒருத்தி. அவளுடைய வீட்டுக்காரனும் ஒருவன்தான். அவன் பெயர் கம்பெனி.

கோயிலும் கள்ளுக்கடையும்

வெள்ளைக்காரத் துரை கோயில் கட்ட இடம் கொடுத்தார் என்று நம் பெரியவர்கள் நன்றியோடு சொல்வார்கள். கொடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் எப்படிக் கொடுத்தார்? வாயால் கொடுத்தார், காகிதத்தில் கொடுக்கவில்லை. பல தோட்டங்களில் கோயில் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்தார்கள். கூலி நம்முடையது, சந்தா நம்முடையது, தீமிதிக்கு விறகு வெட்டிய கை நம்முடையது. மாலையும் பரிவட்டமும் மட்டும் துரைக்கு! கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவன் கதை இதைவிடப் பொருத்தமாக வேறெங்கே இருக்கிறது?

அந்தத் துரை அதே கையால் கள்ளுக்கடைக்கும் உத்தரவு கொடுத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு பக்கம் கள், மறு பக்கம் கற்பூரம். இரண்டிலும் ஆளை மயக்கிவிட்டால் மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்கு வாய் பேசாமல் வந்து நிற்பான் என்பது அவர்கள் கணக்கு. கோயிலில் முதல் மரியாதை வாங்கிய கங்காணி, அந்த மரியாதையையே பிரம்பாக வைத்துக்கொண்டு ஆள் ஓட்டினான். மதத்தின் அதிகாரமும் மூலதனத்தின் அதிகாரமும் தோட்டத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

அந்த நாற்காலியை ஆட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம், கள்ளுக்கடையை மூடு, சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு என்று கேட்டார்கள். ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். தொழிலாளர் மேல் துப்பாக்கி வெடித்தது. கூலியும் மானமும் ஒரே கோரிக்கை என்று அவர்கள் அன்றே கண்டார்கள். கோயில் நிலமும் அதே கோரிக்கைதான் என்பதை நாம் இன்றாவது காண வேண்டாமா?

முகமில்லாத முதலாளி

அன்றைய துரைக்கு ஒரு முகம் இருந்தது. குதிரையிலோ மோட்டாரிலோ வந்தார், திட்டினார், திருவிழாவுக்கு வந்து நின்றார். இன்றைய முதலாளியை யார் பார்த்தது?

1981 செப்டம்பர் 7ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில், கடை திறந்த சில மணி நேரத்துக்குள், கத்ரி கம்பெனி மலேசியரின் கைக்கு வந்தது. நாடே பெருமைப்பட்டது. தோட்டம் நம் நாட்டுக்கு வந்தது, சரி. தோட்டத்துக் கோயில் மண் நம் கைக்கு வந்ததா? 2007 நவம்பரில் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி மூன்றும் ஒன்றாகி, உலகத்திலேயே மிகப் பெரிய தோட்டக் கம்பெனிகளில் ஒன்றாயின. 2024இல் அதன் தோட்டப் பிரிவு எஸ்டி கத்ரி என்று மறுபடியும் பழைய பெயரைச் சூட்டிக்கொண்டது. பெயர் மாறுகிறது, பலகை மாறுகிறது. பலகைக்குப் பின்னால் நிற்கும் கோயிலுக்குக் காகிதம் மட்டும் வரவில்லை.

தேயிலையின் கதை இதைவிட விசித்திரம். டாட்டா தேயிலைக் கம்பெனி 2000இல் இங்கிலாந்தின் டெட்லியை வாங்கியது. 2005இல் மூணாற்றுத் தோட்டங்களை நடத்தும் பொறுப்பைக் கைகழுவியது. பொட்டலத்தின் மேலுள்ள பெயர்தான் லாபம். மண்ணும் மனிதனும் சுமை! 2022இல் யூனிலீவர் கம்பெனி லிப்டன் உள்ளிட்ட தன் தேயிலை வியாபாரத்தை 450 கோடி யூரோவுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் விற்றது. இனிமேல் லிப்டன் முதலாளிக்கு மாலை போட வேண்டுமென்றால் யார் கழுத்தில் போடுவது? பங்குப் பத்திரத்துக்குக் கழுத்து ஏது?

இதுதான் உலகமயம். முன்பு துரையிடம் கெஞ்சலாம்; கங்காணியோடு சண்டை போடலாம். இப்போது விற்றவன் ஒரு நாட்டில், வாங்கியவன் ஒரு நாட்டில், கணக்கெழுதுபவன் இன்னொரு நாட்டில். அவர்களுக்குள் கைமாறும் ஆவணத்தில் "கோயில்" என்ற சொல்லே கிடையாது. இத்தனை ஏக்கர் என்றுதான் இருக்கும்.

சட்டம் கண்ணீரைப் பார்க்காது

"நூறு வருடக் கோயில், எப்படி இடிப்பார்கள்?" என்று கேட்கிறோம். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தைக் கிராணித் தோழர்கள் ஒருமுறை படித்துக் காட்டட்டும். பதிவேட்டில் எவர் பெயரோ அவரே நிலத்துக்கு உடையவர். எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அனுபவத்தால் உரிமை வராது. அரசு நிலத்திலும் வராது. தனியார் நிலத்திலும் வராது. ஆகவே காகிதமில்லாத நூறு வருடமும் ஒரு நாளும் சட்டத்தின் தராசில் ஒரே எடைதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது பழமொழி. இங்கே பூசாரியிடமும் இடம் இல்லை, இடம் கம்பெனியுடையது!

நடந்தவற்றைப் பாருங்கள். 2006இல் பத்துமலையில் 42.7 மீட்டர் உயர முருகனை எழுப்பினோம். உலகமே அண்ணாந்து பார்த்தது. அதே ஆண்டு கோலாலம்பூரில் மலைமேல் ஸ்ரீ செல்வ காளியம்மன் ஆலயம் இடிபட்டது. 2007 அக்டோபர் 30ஆம் நாள், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிபட்டது. நவம்பர் 25இல் ஆயிரமாயிரம் பேர் கோலாலம்பூர்த் தெருவில் நின்றார்கள். மூன்று பெருந்தோட்டக் கம்பெனிகள் ஒன்றானதும் அதே நவம்பரில்தான். இடிந்த கல்லுக்கு அழுத நாம், இணைந்த கம்பெனியிடம் "உன் தோட்டங்களில் எத்தனை கோயில், எத்தனை வீடு, எதற்குப் பட்டா?" என்று ஒரே குரலில் கேட்டிருந்தால்?

2018 நவம்பரில் பழைய சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்த கலவரத்தை நாடு மறக்கவில்லை. தோட்டம் போய், நிலம் வீடமைப்புக் கம்பெனியின் கைக்குப் போய், வழக்கு நடந்து, கடைசியில் அடிதடியில் முடிந்தது. அங்கே கடமை செய்ய வந்து காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் உயிரிழந்தார். ஒரு காகிதம் இல்லாத குறை, ஒரு தாயின் மகனைக் கொண்டுபோயிற்று.

2025இல் மஸ்ஜித் இந்தியா சாலைப் பத்ரகாளியம்மன் கோயில் விவகாரம் எழுந்தது. நிலத்தை மாநகராட்சி 2014இலேயே ஜாக்கெல் என்ற துணிக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. கம்பெனி அங்கே பள்ளிவாசல் கட்ட விரும்பியது. இரு மதத்தாரும் முறைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். கடைசியில் கோயிலுக்கு அருகிலேயே வேறு இடம், அதுவும் அரசிதழில் பதிவு செய்து தருவதாக ஒப்பந்தமாயிற்று. தோழர்களே, இதில் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் என்ன பகை? நிலத்தை விற்றது ஒரு அலுவலகம். வாங்கியது ஒரு கம்பெனி. சண்டை மட்டும் நம் தெருவுக்கு வந்தது! பதிவு என்ற ஒரு சொல் 2014க்கு முன்பே விழுந்திருந்தால், அந்தச் சண்டைக்கே வேலை இருந்திருக்காது.

சமயத் தலைவர்களுக்கு ஒரு சொல்

கும்பிடுபவனைக் குறை சொல்ல வரவில்லை. கும்பிடுபவன் கையை வைத்துப் பிழைப்பவனைத்தான் கேட்கிறோம். கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்கிறீர்கள். நிலப் பதிவுக்கு ஏன் ஒரு கூட்டமும் போடவில்லை? தோட்டத்தை விற்றவரையே திருவிழா மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறீர்கள்; போர்த்தும்போது "பட்டா என்னவாயிற்று ஐயா?" என்று காதோடாவது கேட்டதுண்டா? ஓய்வு பெற்ற தொழிலாளி லயத்து வீட்டைக் காலி செய்யும்போது எந்தத் திருமடத்திலிருந்து ஒரு கண்டனம் வந்தது?

சமயம் பேசுவோர் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லமாட்டோம். 1891இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ, தொழிலாளி சங்கம் சேரலாம், நியாயமான கூலி அவன் உரிமை என்று சுற்றுமடல் விடுத்தார். 2025இல் பதவியேற்ற போப்பும் அந்தப் பெயரையே நினைந்து சூடிக்கொண்டார். வியர்வை உலருமுன் கூலி கொடு என்று முஸ்லிம் தோழர்களின் மார்க்கம் போதிக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே குன்றக்குடி அடிகளார் மடத்தில் இருந்துகொண்டே கிராமத்துக்குத் தொழிலும் கூட்டுறவும் கொண்டுவந்தார். ஆகவே முடியாது என்ற சாக்கு செல்லாது. செய்ய மனமில்லை என்பதே உண்மை.

யார் கேட்டால் கம்பெனி அசைகிறது?

2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்க இலாகா, கட்டாய உழைப்பு நடக்கிறதென்று சொல்லி, சைம் டார்பி தோட்டங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. உடனே என்ன நடந்தது? வெளிநாட்டுத் தொழிலாளர் முகவருக்கு அழுத பணத்தைக் கம்பெனி திருப்பிக் கொடுத்தது, சீர்திருத்தம் வந்தது, 2023இல் தடை நீங்கியது. உலகச் சந்தையின் கதவு அடைபட்டதும் கம்பெனியின் காது திறந்தது! அந்தக் கதவைத் தட்டும் பலம் தொழிலாளிக்கும் உண்டு.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தமிழ்ப் பெண்கள் காட்டினார்கள். 20 சதவீத போனஸைக் குறைத்ததும் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். ஒன்பது நாளில் வென்றார்கள். அவர்கள் எந்த சாமியாரையும் முன்னே நிறுத்தவில்லை. தம்மை ஏமாற்றியதாக அவர்கள் கருதிய தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே விடவில்லை. சங்கக்காரர்களாகிய நாமும் அதைப் படித்துக் காதைத் தடவிக்கொள்வது நல்லது.

நம் நாட்டிலும் வழி தெரியாமல் இல்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரர் தோட்டங்களை விற்றபோது, துண்டு போட்டவர்கள் நம்மைத் தெருவில் விட்டார்கள். 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டமாயிற்று. மண் நம்முடையதானால் ஆத்தாளும் குடிசையும் ஒன்றாகவே நிலைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

செய்ய வேண்டியது

ஒன்று: ஒவ்வொரு தோட்டத்திலும் கோயில் நிலம் யார் பேரில் என்று இந்த மாதமே நில அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். இதற்குக் கிராணித் தோழர் கை கொடுக்க வேண்டும்.

இரண்டு: தோட்டம் கைமாறுமுன் கோயில், பள்ளி, இடுகாடு, வீடு நான்குக்கும் நிலம் பிரித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இது கூலிக்கு அடுத்த வரியாக இருக்கட்டும்.

மூன்று: கோயில் பணம் பதிவு பெற்ற சங்கத்தின் கணக்கில் இருக்கட்டும். வரவு செலவை ஆண்டுதோறும் எல்லார் முன்னும் படிக்கட்டும். பெண்களும் கமிட்டியில் உட்காரட்டும்; சந்தாவில் பாதி அவர்கள் வியர்வை.

நான்கு: திரிங்காப் மலையில் இன்று கொழுந்து அறுக்கும் இயந்திரத்தைத் தூக்குபவர்களில் பலர் வங்காளதேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர். அவர்கள் தொழும் மூலைக்கும் நாளை இதே கதிதான். அவர்களையும் சங்கத்தில் சேருங்கள். 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்ச ஊதியம் என்பது சட்டம். அது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கோபுரம் உயரட்டும், வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. ஆனால் முதலில் அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கும் மண்ணைக் கேளுங்கள். ஆத்தாளுக்குப் பட்டா வாங்கிக் கொடுக்கும் கைதான், தனக்கும் ஒரு வீட்டை வாங்கிக்கொள்ளும்!