மொழியில் மேல், கீழ் உண்டோ?

மொழியைக் கொண்டு மனிதரை இணைக்கலாம். மேலோர், கீழோர் எனப் பிரிக்கவும் செய்யலாம். இதற்கு நமது தோட்டப்புற வரலாறே சான்றாகும்.

ஆங்கிலேயர் காலத்து மலாயா இரப்பர்த் தோட்டங்களில் மொழி ஓர் ஏணியாக நின்றது. உச்சியில் ஆங்கிலம் பேசிய துரை. இடையில் ஆங்கிலமும் தமிழும் அறிந்த கிராணி. அடியில் தமிழ் மட்டுமே அறிந்த பால்மரத் தொழிலாளி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி தோட்ட நிருவாகங்கள் பள்ளி அமைத்தன. எனினும், அங்குக் கிடைத்தது தொடக்கக் கல்வியே. பட்டணத்து ஆங்கிலப் பள்ளியோ ஏழைத் தொழிலாளிக்கு எட்டாக் கனி. ஆகவே, தந்தை சுமந்த பால்வாளியே மகன் கைக்கும் வந்தது.

துரைமாரும் தமிழ் கற்றனர். ஆனால், அது வேலை வாங்கும் தமிழ். 1915இல் இலங்கைத் தோட்டத் துரைமாருக்காக வெளிவந்த கையேடு ஒன்றின் பெயரே ‘கூலித் தமிழ்’ என்பதாகும். ‘வா’, ‘போ’, ‘வெட்டு’ என்னும் ஏவற் சொற்களே பெரட்டில் ஒலித்தன. நரை கண்ட பெரியவரும் ‘நீ’ என்றே விளிக்கப்பட்டார். தாழ்ந்தது தமிழன்று, அதனை வழங்கிய முறையே தாழ்ந்தது.

இன்று துரைமார் ஆட்சி இல்லை. இரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. நம் மக்களுள் பெரும்பாலோர் பட்டணம் பெயர்ந்துவிட்டனர். ஆயினும், அந்த ஏணி நம் உள்ளத்தில் இன்னும் சாய்ந்தே நிற்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவன் எனக் கூறிக்கொள்ள நாணும் பிள்ளையையும், தோட்டத்துப் பேச்சைக் கேட்டு நகைக்கும் படித்தவரையும் நாம் காண்கிறோமன்றோ?

மாணவச் செல்வங்களே! மலாய் நம் நாட்டின் தேசிய மொழி. இடைநிலைப்பள்ளியில் பாடங்களைக் கற்கத் துணைநிற்பதும் அதுவே. ஆங்கிலம் உலகத் தொடர்புக்கு உதவுவது. இரண்டையும் ஐயந்திரிபறக் கற்பீர்களாக. அதற்காகத் தாய்மொழியைத் துறக்க வேண்டுவதில்லை.

பெற்றோர்களே! இல்லத்தில் தமிழிலேயே உரையாடுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் பிள்ளையின் பேச்சுத் தமிழை இகழாது, அதன்மீதே எழுத்துத் தமிழைக் கட்டியெழுப்புவோம்.

இறுதியாக ஒன்று. நம் முன்னோர் செய்த தொழிலை இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் செய்கின்றனர். அவர்களை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? பெயர் சொல்லி, மதிப்போடு அழைக்கிறோமா? அன்று துரை நம்மை விளித்தது போல் விளிக்கிறோமா? பிறரைத் தாழ்த்தாத நாவே தன் மொழியை உயர்த்தும் என்பது எமது துணிபு.