போடிமெட்டு ஏறும் முன் படிக்க வேண்டிய ஒரு நீண்ட இழை



ஸ்கூல் லீவு விட்டாச்சு. "டாக்டர், போடி வழியா மூணாறு போறோம். கையில என்ன மாத்திரை வச்சுக்கணும்?" சீசன் தொடங்கினாலே வரும் கேள்வி இது.

மாத்திரைப் பட்டியல் கடைசியில் இருக்கு. ஆனால் மலைப் பயணத்தில் குடும்பங்கள் படும் கஷ்டத்தில் பெரும்பகுதி மாத்திரையால் தீர்வதில்லை. திட்டம் போடும்போதே தவிர்த்திருக்கக் கூடியவை அவை. நீண்ட பதிவுதான், பொறுமையா படிங்க.

1/
நம்ம ஊரில் பயணத் திட்டம் எப்படிப் போடுகிறோம்? மேப்பைத் திறந்து கிலோமீட்டர் பார்க்கிறோம், மணிக்கணக்கு பார்க்கிறோம், எத்தனை இடம் "கவர்" பண்ணலாம்னு எண்ணுகிறோம். வண்டியில் உட்காரப் போகும் ஆறு பேரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு முட்டிவலி, எந்தக் குழந்தைக்கு வாந்தி வரும் என்பது அந்தக் கணக்கிலேயே வராது.

என் கருத்து இதுதான்: வண்டியில் யார் ரொம்பப் பலவீனமானவரோ, அவர்தான் அந்தப் பயணத்தின் வேகத்தை முடிவு செய்யணும். மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான்.

2/
முதலில் ஓட்டுநர். நிறைய குடும்பங்களில் அந்தப் பலவீனமானவரே இவர்தான். யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

சென்னைக் குடும்பத்தின் வழக்கமான திட்டம்: வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிச்சு, சாப்பிட்டுட்டு, ராத்திரி 10 மணிக்கு வண்டியை எடுத்தால் காலையில் போடி. 500 கிலோமீட்டருக்கு மேல். "டிராபிக் இருக்காது, வெயிலும் இருக்காது" என்பது சமாதானம்.

அப்பா வெள்ளி காலை 6 மணிக்கு எழுந்தவர். செங்கல்பட்டு பக்கம் வரும்போதே அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிடும். 17 மணி நேரம் தூங்காதவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல மந்தமாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 24 மணி நேரம் ஆனால் 0.10 சதவீத அளவுக்கு. நம் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 0.03 சதவீதம்.

காலை 7 மணிக்கு அவர் போடி சேரும்போது 25 மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு சொட்டு குடிக்காமலே சட்ட வரம்பைப் போல மூணு மடங்கு தடுமாற்றம். அந்த நிலையில்தான் மலையேறத் தொடங்குகிறார்.

3/
அந்த மலைச்சாலை எப்படிப்பட்டது?

போடியிலிருந்து முந்தல் தாண்டி போடிமெட்டு வரை சுமார் 25 கிலோமீட்டர். அதற்குள் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறோம். 17 கொண்டை ஊசி வளைவுகள். தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி, அதனால் லாரி, பஸ் எல்லாமே உண்டு.

இன்னொரு வண்டியும் உண்டு. தேனி, போடி சுற்றுவட்டார ஊர்களிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளர்களின் ஜீப். அதில் பெண்கள்தான் அதிகம். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு, டிபன் பாக்ஸோடு நெருக்கியடித்து ஏறி, சாயங்காலம் திரும்பி வருவாங்க. நம் டீயில் மணக்கும் ஏலக்காய்க்குப் பின்னால் இந்த தினசரிப் பயணம் இருக்கிறது.

நமக்கு அது வருஷத்துக்கு ஒரு தடவை போகும் டூர் ரோடு, அவங்களுக்கு தினமும் வேலைக்குப் போகும் ரோடு. 25 மணி நேரம் தூங்காத ஒருவர் காலை 7 மணிக்கு வளைவில் திரும்பும்போது எதிரே யார் வருவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவது "என் ரிஸ்க்" மட்டும் அல்ல.

4/
அப்ப என்ன செய்யலாம்?

(அ) ரயிலில் வாங்க. மீட்டர் கேஜ் நின்றுபோய் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலே இல்லாமல் இருந்த போடிக்கு, 2023 ஜூனில் அகலப் பாதையில் ரயில் திரும்ப வந்தது. சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் நேரடி ரயில். ராத்திரி ஏறிப் படுத்தால் மறுநாள் காலை போடி. மதுரையிலிருந்தும் ரயில் உண்டு. கிளம்பும் தேதிக்கு வண்டி இருக்கா என்று மட்டும் பார்த்துக்கோங்க. மலைக்கு உள்ளூர் வண்டி, உள்ளூர் ஓட்டுநர். தினமும் அந்த வளைவுகளைத் திருப்பும் கை அது.

(ஆ) சொந்த வண்டிதான் என்றால், பகலில் ஓட்டி வந்து தேனியிலோ போடியிலோ ஒரு ராத்திரி தங்குங்க. காலை டிபன் முடித்து 9 மணிக்கு மேல் மலையேறுங்க. ஜீப் நெரிசலும் குறைந்திருக்கும். இறங்கும்போதும் காலை 10 மணிக்கு மேல், வெளிச்சம் நல்லா இருக்கும்போது இறங்குங்க.

"நாலு நாள்தான் லீவு டாக்டர், ஒரு நாள் வீணாப் போகுமே" என்பீங்க. நியாயம்தான். ஒரு இடத்தை லிஸ்டிலிருந்து எடுத்துடுங்க. பார்க்காத வியூ பாயிண்டை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

5/
மலையில் ஓட்டுவதற்கு இரண்டே விதி. எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்கணும். நியூட்ரலில் உருட்டவே கூடாது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும். அடுத்து, குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர் நிற்கணும்.

6/
இப்போது குழந்தைகள். வளைவில் ஏன் வாந்தி வருகிறது?

உள்காது "நாம திரும்புறோம், ஆடுறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது. குனிந்து மொபைல் பார்க்கும் கண் "எதுவும் அசையலையே" என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல். 2 வயதிலிருந்து 12 வயது வரை இது அதிகம்.

• மலை தொடங்கியதும் எல்லார் கையிலிருந்தும் மொபைலை வாங்கிடுங்க.
• முன்கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி பின்சீட்டில் உட்கார வைங்க. முன்சீட்டில் மடியில் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரிந்தால் குழந்தைக்கு உயிராபத்து. எல்லாருக்கும் சீட் பெல்ட்.
• வயிறு காலியாகவும் வேண்டாம், பூரி பொங்கலும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.
• ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்க.
• வாந்தி மாத்திரை கிளம்பும் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். குழந்தைக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்க. பெரியவங்க மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுக்காதீங்க.
• ஓட்டுபவர் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. நிறைய சளி மாத்திரைகளும் அப்படித்தான், தூக்கம் வரும்.

காது அடைப்பது உயரம் ஏறுவதால். எச்சில் விழுங்கினால் சரியாகும். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்க. "ஆக்சிஜன் குறையுமா?" என்று பயப்பட வேண்டாம், அந்தப் பிரச்சினை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். இந்தச் சாலை அதற்கு ரொம்பக் கீழே.

7/
பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் ஒரு தனிப் பதிவு. யாரும் பேசாத விஷயம் இது.

வழியில் கழிப்பறை சரியிருக்காது என்று பயந்து நிறைய அம்மாக்கள், பாட்டிகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. மே மாத வெயிலில் இது தலைசுற்றல், மயக்கம், சிறுநீர்த் தொற்று வரை கொண்டுபோகும். நீர் பிரியும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் சிலர் அன்றைக்கு மாத்திரையையே நிறுத்திடறாங்க. அதைச் செய்யாதீங்க, நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்க.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று திட்டத்திலேயே எழுதுங்க. சுத்தமான கழிப்பறை உள்ள ஹோட்டலைப் பார்த்து வைங்க. "அம்மா, நிறுத்தணுமா?" என்று கேட்காதீங்க, வேண்டாம்னுதான் சொல்வாங்க. நேரம் வந்தால் நிறுத்திடுங்க.

8/
சர்க்கரை உள்ளவர்கள்: மலையில் டிராபிக்கில் மாட்டினால் மதியச் சாப்பாடு மூன்று மணி ஆகும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு அதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை. அவரே ஓட்டுநர் என்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இன்சுலினை டாஷ்போர்டில் வைக்காதீங்க. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி ஏறும். இதே காரணத்தால், "ரெண்டு நிமிஷம்தானே" என்று தூங்கும் குழந்தையைக் காரில் விட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க.

9/
கோடையில் மலை பச்சையாகத் தெரிந்தாலும் போடிப் பக்கச் சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதி இல்லாத பாதையில் "சும்மா கொஞ்ச தூரம்" நடக்க வேண்டாம். சிகரெட் துண்டு, அடுப்பு எதுவும் வேண்டாம்.

10/
கைப்பையில் (டிக்கியில் இல்லை) இருக்க வேண்டியவை:

• தினசரி மாத்திரைகள், இரண்டு நாளுக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு
• ஓ.ஆர்.எஸ் பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கணும். கடையில் விற்கும் இனிப்பு ஜூஸ் ஓ.ஆர்.எஸ் ஆகாது
• பாராசிட்டமால், டாக்டர் சொன்ன வாந்தி மருந்து
• ஆஸ்துமா உள்ளவருக்கு இன்ஹேலர்
• குளுக்கோஸ், பிஸ்கட், தண்ணீர், வாந்திப் பை, ஈரத்துணி

11/
வழியில் விபத்தைப் பார்த்தால் நின்று 108-க்குக் கூப்பிடுங்க. உதவி செய்பவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் பாதுகாப்பு சேர்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021-லிருந்து இருக்கிறது. பணம் இருக்கா, யார் சொந்தக்காரர் என்று யோசித்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.

12/
இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், ஓட்டுபவரை முந்தின ராத்திரி ஏழு மணி நேரம் தூங்க விடுங்க. அந்தத் தூக்கம் உங்க குடும்பத்தோடு சேர்த்து, எதிரே டிபன் பாக்ஸோடு ஜீப்பில் வரும் அக்காக்களையும் பத்திரமா வீடு சேர்க்கும்.

பத்திரமா போயிட்டு வாங்க. லீவுக்குக் கிளம்பும் சொந்தக்காரர், நண்பர் யாராவது இருந்தால் இதை அனுப்புங்க.